சிறார்க்கு நூல் தெரிதல்

(உப்பளத்தில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவர் குழந்தைகளுள் பரீட்சையில் தேறினோர்க்கு நமது சங்கம் ஆண்டுதோறும் புத்தகப் பரிசு வழங்கிவருவதைத் தாங்கள் அறிவீர்கள். இவ்வாண்டுப் பரிசுக்குரிய நூல்களைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை நிர்வாக சபையார் என்பால் ஒப்புவித்தனர். ஒரு ஜாபிதா எழுதிக் கொடுத்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். யானோ, ஜாபிதாவுக்கு முன்னர்ச் சில வார்த்தை சொல்ல இடந்தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைச் சொல்லச் சிறிது நாணமாயுமிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காந்தி வீதிச் சந்தையிற் பழம் புத்தகங்கள் பரப்பியிருந்த ஓரிடத்தில் நின்றேன். அங்கே ஒரே நூலின் ஏழு பிரதிகள் கயிற்றாற் கட்டிக் கிடந்தன. எடுத்துப் புரட்டினால் முதற் பக்கத்தில் நமது சங்க முத்திரை! சென்ற ஆண்டு நாம் பரிசாக அளித்த நன்னெறிக் கட்டுரைத் தொகுதி அது. ஏழு பிரதியிலும் ஒரு தாளாவது மடங்கவில்லை. சிலவற்றின் ஏடுகள் ஒட்டியவாறே இருந்தன. கடைக்காரர், "எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா, புதுசு மாதிரியே இருக்கிறது" என்றார். புதிது போலவன்று, புதிதே. அந்நூலைத் தெரிந்தெடுத்தவன் யான். அதற்கு முன்னுரை படித்துப் பாராட்டிப் பேசியவனும் யானே.

ஏழு பிரதியையும் வாங்கிக்கொண்டு வீட்டிற்குத் திரும்பினேன். அவ்வாண்டு அதே பரிசைப் பெற்ற என் பேரனை அழைத்து, "நீயாவது இதனைப் படித்தாயா?" என்று வினவினேன். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "நாலு பக்கம் படித்தேன், தாத்தா. அதில் ஒன்றுமே நடக்கவில்லை" என்றான். நான் அந்நூலை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். வாய்மையின் சிறப்பு, ஊக்கத்தின் சிறப்பு, காலந் தவறாமையின் சிறப்பு என்று நூற்றிருபது பக்கம் செல்கிறது. ஒருவர் எழுந்து வாசலுக்குப் போனார் என்பதுகூட அதிலில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை சொன்னது முற்றிலும் மெய்.

கதை சொல்லிக் கற்பித்தல் நமக்குப் புதிதன்று. பஞ்சதந்திரம் பிறந்த வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அமரசக்தி என்னும் மன்னனுக்கு மூன்று புதல்வர். மூவர்க்கும் கல்வியில் நாட்டமில்லை. இலக்கணத்திற்கே பன்னீராண்டு வேண்டும் என்று அவையோர் கூறுகையில், விஷ்ணுசர்மர் என்னும் முதியவர் ஆறு மாதத்தில் அவர்களை நீதியில் வல்லவராக்குவேன் என்று சபதஞ் செய்கிறார். செய்த வழி யாது? காக்கையும் ஆமையும் மானும் எலியும் சிங்கமும் நரியும் பேசத் தொடங்கின. ஒரு கதை முடியுமுன் மற்றொன்று அதன் வயிற்றிலிருந்து பிறந்தது. கேட்டவன் எழுந்து போக மனம் வரவில்லை. இது கதைதான், எனினும் கதை கட்டியவர் மாணாக்கனின் இயல்பை நன்கறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

அந்நூலின் பயணத்தில் நம் புதுவைக்கும் ஒரு பங்கு உண்டு. 1792-ல் புதுச்சேரியில் வந்திறங்கிய பிரெஞ்சுப் பாதிரியார் அபே துய்புவா தென்னாட்டில் முப்பதாண்டுக்கு மேல் வாழ்ந்து, 1823-ல் தம் நாடு திரும்பினார். 1826-ல் அவர் பஞ்சதந்திரக் கதைகளைப் பிரெஞ்சு மொழியிற் பாரிசில் அச்சிட்டார். பரமார்த்த குருவின் கதையையும் அதனோடு சேர்த்தார். அதே 1826-ல் சென்னையில், கல்விச் சங்கத்துத் தமிழ்ப் புலவர் தாண்டவராய முதலியார் மராத்தியினின்று மொழிபெயர்த்த தமிழ்ப் பஞ்சதந்திர வசனம் வெளிவந்தது. முதலியாருடைய நூல் முதலில் பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்டதன்று. தமிழ் கற்க வந்த கும்பினி உத்தியோகஸ்தர்களுக்கென்று எழுந்தது. வீரமாமுனிவர் பரமார்த்த குரு கதையை எழுதியதும் பாதிரிமார் பேச்சுத் தமிழ் பயிலுதற் பொருட்டே. இருந்தும், அந்த மட்டி குருவும் மடைச் சீடரும் உத்தியோகஸ்தர் மேசையை விட்டிறங்கி நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டனர். ஒரு நூலைத் தமக்குரியதென்று பிள்ளைகள் பற்றிக்கொண்டால் அதனை யாரும் திரும்ப வாங்க முடியாது.

பிரெஞ்சு தேசத்திலோ இதற்கும் முன்பே லா பொந்தேன் என்னும் கவி மிருகக் கதைகளைச் செய்யுளில் அமைத்து 1668-ல் முதற் பகுதியை வெளியிட்டு, ஆறே வயதான இளவரசனுக்கு உரிமையாக்கினார். 1678-ல் வந்த பிற்பகுதியின் முன்னுரையில் இந்திய ஞானி பில்பாய்க்குத் தாம் பெரிதும் கடன்பட்டிருப்பதாக ஒப்புக்கொண்டார். நம் பொருளே கப்பலேறிப் போய் வேறு உடை தரித்துத் திரும்பிற்று. பிரெஞ்சுப் பள்ளியிற் படித்த என் பெரியப்பா, தம் எண்பதாவது வயதிலும் காக்கையும் நரியும் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார். அர்த்தம் கேட்டால் மட்டும் சிறிது நேரம் யோசிப்பார்.

அக்கதையைப் பற்றி ரூசோ எழுப்பிய ஆட்சேபம் நாம் கவனிக்கத் தக்கது. 1762-ல் வெளிவந்த தம் 'எமீல்' என்னும் நூலில் அவர் அப்பாட்டை அடி அடியாக எடுத்து ஆராய்கிறார். புகழ்ச்சியில் மயங்கிக் காக்கை வாயிலிருந்த பண்டத்தை இழந்தது; ஆதலின் முகஸ்துதிக்குச் செவி கொடாதே என்பது பெரியோர் கருதும் நீதி. ஆனால் பிள்ளை யார் பக்கம் சேர்கிறது? ஏமாந்த காக்கையின் பக்கமன்று, வென்ற நரியின் பக்கமே. ஆகவே அது கற்பது பிறரை ஏமாற்றும் வித்தை என்கிறார் ரூசோ. அவர் தம் மாணாக்கனுக்கு முதன்முதல் அளிக்க ஒப்பும் நூல் 1719-ல் வெளிவந்த 'ராபின்சன் குரூசோ' ஒன்றே. தனித் தீவில் அகப்பட்ட ஒருவன் தன் கையாலேயே வீடு கட்டி, பயிரிட்டு, உயிர் வாழும் கதை அது.

ரூசோ சொல்வதில் பாதியை யான் ஏற்கிறேன், பாதியை மறுக்கிறேன். நாம் ஒரு நூலின் முடிவில் எழுதிவைக்கும் நீதியும் பிள்ளை அந்நூலினின்று எடுத்துக்கொள்ளும் பொருளும் ஒன்றாயிருக்க வேண்டுமென்பதில்லை. இது மறுக்கவொண்ணாதது. ஆனால் நரியின் பக்கம் சேர்ந்து சிரித்த பிள்ளையெல்லாம் வஞ்சகராகவில்லை. நாம் அனைவரும் தெனாலிராமன் கதைக்குச் சிரித்தவர்களே. அரசாங்கப் பணத்தை அபகரித்தோமா? அன்றியும், ஒரே நூலைக் கொடுத்து வளர்க்க வேண்டுமென்னும் அவர் கொள்கை, நம் சங்கம் ஐம்பது பிள்ளைக்கும் ஒரே நூலை வழங்கிய செயலுக்கு அண்ணன் போலத் தோன்றுகிறது.

இனி நம் ஊர்க்கு வருவோம். பாரதியார் 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்தார்; பாப்பாவை விளித்து அவர் பாடிய பாட்டு இம்மண்ணிற் பிறந்தது. அக்காலத்தில் அவர் வீட்டிற்கும் தம் வீட்டிற்கும் ஓடித்திரிந்த சிறுமியாயிருந்த யதுகிரி அம்மாள் பிற்காலத்தில் எழுதிய 'பாரதி நினைவுகள்' என்னும் நூலை நம் பெண்கள் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? ஒரு மகாகவியைக் குழந்தையின் கண் எவ்வாறு கண்டது என்பதை அதிற் காணலாம். நம் வீதியும் நம் கடற்கரையும் அச்சிற் கிடப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு உண்டாகும் மகிழ்ச்சி வேறு எந்நூலாலும் உண்டாகாது. பாரதிதாசனாரோ 1909 முதல் 1946 வரை பள்ளி ஆசிரியராயிருந்தவர். அவருடைய 'இளைஞர் இலக்கியம்' வகுப்பறையின் வாசனை அறிந்த கை எழுதியது.

அவர்க்குப் பின்னும் நம்மூர் வறண்டுவிடவில்லை. ம. இலெ. தங்கப்பா என்னும் பேராசிரியரைத் தங்களுட் பலர் நேரிற் கண்டிருப்பீர்கள். 1934-ல் நெல்லைச் சீமையிற் பிறந்து, புதுவையிலேயே ஆசிரியத் தொழில் புரிந்து, 2018-ல் இங்கேயே மறைந்தார். அவருடைய 'சோளக்கொல்லைப் பொம்மை' என்னும் சிறுவர் பாடல் நூலுக்கு 2011-ல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது கிடைத்தது. சென்ற ஆண்டு ஜாபிதாவில் அப்பெயர் ஏன் இடம்பெறவில்லை என்று என்னைக் கேட்டால், விடையிறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. நூலாசிரியர் நம் ஊரிலிருந்தார். யான் நூல் தேடியதோ வெளியூர் விலைப்பட்டியலில்.

சென்னையில் அழ. வள்ளியப்பா 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றக் காரணமாயிருந்தார். அதற்கு மூன்றாண்டு முன், 1947-ல் 'அம்புலிமாமா' தொடங்கிற்று. இன்று அது வெளிவருவதில்லை. எனினும், முருங்கை மரத்து வேதாளத்தைத் தோளிற் சுமந்து, கையில் வாளேந்திச் சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தன் சித்திரத்தை மறந்தவர் இக்கூட்டத்தில் இருப்பார்களா? பெரியசாமித் தூரன் தலைமையில் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வந்த 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' இன்னொரு பெருங் காரியம். கதையில் விருப்பமில்லாத பிள்ளைகளும் உண்டல்லவா? தண்டவாளம் எப்படி வளைகிறது, திமிங்கிலம் எப்படி மூச்சு விடுகிறது என்று கேட்கும் பிள்ளைக்குக் கதைப் புத்தகத்தை நீட்டினால் அது கொட்டாவி விடும். அதற்கு வாசிப்பில் ஆசையில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

தற்காலத்தில் நூல் இல்லை என்று குறை கூறவும் இடமில்லை. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-ல் அதே அகாதெமி விருது பெற்றது. தகாத தொடுகையினின்று ஒரு சிறுமி தன்னைக் காத்துக்கொள்ளும் விஷயத்தை, பேசும் மரப்பாச்சியைக் கொண்டு சொல்லுகிறது அது. நாம் வீட்டிற் சொல்லக் கூசும் விஷயம். பாட்டி கொடுத்த பொம்மை கூசாமற் சொல்லுகிறது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023-ல் விருது பெற்றது. அது பிள்ளையைக் கீழடியின் பழங்காலத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. ஜப்பானிய நூலாகிய 'டோட்டோ-சான்' தமிழிலும் கிடைக்கிறது. ரயில் பெட்டிகளே வகுப்பறைகளான ஒரு பள்ளியின் உண்மைக் கதை. அதனைப் பிள்ளைக்குக் கொடுக்குமுன் பெற்றோர் படிப்பது நலம். யான் படித்துச் சிறிது வெட்கப்பட்டேன்.

இனி, தெரிவது எங்ஙனம்? யான் பெரிய விதிகள் எதுவும் கூறப்போவதில்லை. சென்ற ஆறு மாதம் என் பேரப்பிள்ளைகளிடமும் அயல்வீட்டுப் பிள்ளைகளிடமும் கண்டதைச் சொல்லுகிறேன்.

முதற் பக்கத்தை உரக்க வாசித்துப் பாருங்கள். நாவுக்கு இடறும் வாக்கியம் பிள்ளையின் கண்ணுக்கும் இடறும். இரண்டு பக்கத்தில் நிறுத்துங்கள். "அப்புறம்?" என்று பிள்ளை கேட்டால் அந்நூல் தேறிற்று, கேளாவிடின், எத்துணைப் பெரியவர் எழுதியதாயினும் அதனை அலமாரியில் வைத்துவிடுங்கள். ஒரு பக்கத்திலேயே ஐந்தாறு சொல் விளங்கவில்லையென்றால் அது இன்னும் ஓராண்டு பொறுத்துக் கொடுக்க வேண்டிய நூல். அட்டையில் அச்சிட்ட வயதை நம்பற்க. ஒன்பது வயதிற் பதின்மூன்று வயதுக்குரியதைப் படிப்பவரும் உளர். பதின்மூன்றிற் படக்கதையினின்று தொடங்க வேண்டியவரும் உளர். தமிழ்நாட்டு அரசு 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நூல்களை வகுப்புப்படி பிரியாமல், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை 'நுழை' என்னும் நூலை எடுத்தால் அதில் அவமானம் ஒன்றுமில்லை. இது மிகவும் அறிவார்ந்த ஏற்பாடு.

படக்கதையைப் பற்றி நம் மூத்தோர் சிலர்க்கு வெறுப்புண்டு. சிவகாசியினின்று 1972 முதல் 'முத்து காமிக்ஸ்' வெளிவரத் தொடங்கியபோது அதனைப் பாடப்புத்தகத்தினுள் மறைத்துப் படித்தவர்கள் இன்று உத்தியோகத்திலும் வியாபாரத்திலும் நம் சங்கத்து நிர்வாக சபையிலும் வீற்றிருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன். அவர்கள் வாசிக்கும் பழக்கத்தை எங்கே பெற்றனர் என்று அவர்களையே கேளுங்கள்.

ஒரு நூலை முடிக்காமல் விடவும் பிள்ளைக்கு உரிமை வேண்டும். தானியேல் பென்னாக் என்னும் பிரெஞ்சு ஆசிரியர் 1992-ல் எழுதிய ஒரு நூலில் வாசகனுக்குப் பத்து உரிமைகளை வகுத்தார். பக்கங்களைத் தாண்டிப் போவதும், நடுவில் நிறுத்திவிடுவதும், ஏன், வாசியாதிருப்பதுமே அவற்றுள் அடங்கும். பெரியவர்களாகிய நாம் இவ்வுரிமைகளை நாள்தோறும் அனுபவித்துக்கொண்டு, பிள்ளைக்கு மட்டும் மறுக்கிறோம். படித்து முடித்தவுடன், "இதனால் நீ அறிந்த நீதி யாது?" என்று கேட்பதையும் நிறுத்த வேண்டும். விருந்துண்டு எழுந்தவனை, சாம்பாரில் எத்தனை காய் இருந்தது என்று கேட்பதுபோலாம் அது.

நிர்வாக சபையில் எழுந்த இரண்டு யோசனைகட்கு விடை கூற வேண்டியவனாகிறேன். போட்டிப் பரீட்சைக்குரிய வழிகாட்டி நூல்களையே பரிசாக வழங்கலாம் என்றார் ஒரு நண்பர். அவர் கவலை நியாயமானது. நம் பிள்ளைகள் பலர் முதல் தலைமுறையாகப் படிப்பவர், உத்தியோகம் வேண்டும். ஆனால் வழிகாட்டி நூலைத் தேவைப்படும்போது தகப்பனார் எப்படியாவது வாங்கிவிடுவார். கதைப் புத்தகத்தை அவர் வாங்கமாட்டார்; நாம் வாங்காவிட்டால் அவ்வீட்டில் அது நுழையாது. அன்றியும், நீண்ட பத்தியைச் சலிப்பின்றிப் படித்துப் பொருள் கொள்ளும் திறமில்லாத பிள்ளை வழிகாட்டியை வைத்துக்கொண்டு என் செய்யும்?

மற்றொருவர், நம் குலத்தின் வரலாறு கூறும் நூல் அச்சாகிப் பெட்டிகளில் மிஞ்சியிருக்கிறதே, அதனையே வழங்கலாம் என்றார். பெட்டி காலியாக வேண்டுமென்பது நூல் தெரிதற்கு ஒரு நியாயமாகாது. மெய்யாகவே சொல்லுகிறேன், அந்நூலிற் சில பகுதிகளை எழுதியவன் யான். பெரியவர்கள் தேடிப் படிக்கட்டும். பத்து வயதுப் பிள்ளையோ தன் வீட்டை நன்கறியும். பிறர் வீட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்பதையே அறிய விரும்பும். செம்படவர் பிள்ளை கடலிற் போவதையும், மலைச்சாதிச் சிறுமி தேன் எடுப்பதையும், பாரிசு வீதிச் சிறுவன் பசியோடு அலைவதையும் அறிந்தால் அது நம் பிள்ளைக்கு நட்டமன்று. பிறரை இழித்தெழுதிய நூல், அதில் நம்மைப் புகழ்ந்திருந்தாலும், வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். இதில் என்னோடு மாறுபடுவோர் கூட்டம் முடிந்தபின் என்னை ஏசலாம்.

கைபேசியை எதிர்த்துப் பிரசங்கம் செய்வீர் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். செய்யப்போவதில்லை. 'ஸ்டோரிவீவர்' என்னும் இணையதளத்தில் 2015 முதல் தமிழ்ச் சிறுவர் கதைகள் சித்திரத்துடன் விலையின்றிக் கிடைக்கின்றன. தூரனாருடைய களஞ்சியமும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இருக்கிறது. கைபேசி வீட்டிலிருந்தே தீரும் என்றால் இவையும் அதிலிருக்கட்டும்.

சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலக விதிகள் ஐந்தை வகுத்தார். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் என்பன அவற்றுள் இரண்டு. அதே ஆண்டு மன்னார்குடியில் மாட்டு வண்டியிற் புத்தகங்களை ஏற்றிக் கிராமந்தோறும் கொண்டுபோனார்கள். நமக்கு மாட்டு வண்டி வேண்டுவதில்லை. 1827-ல் தோன்றி, 1966-ல் ரோமன் ரோலந்து பெயரைத் தாங்கிய பொது நூலகம் ஆளுநர் மாளிகைக்கு அருகே இருக்கிறது. உப்பளத்தினின்று நடந்தே போகலாம். நம் பிள்ளைகளுள் அதன் படியேறியவர் எத்தனை பேர் என்று இப்போது கையுயர்த்தச் சொன்னால் நமக்கே சங்கடமாகும்.

ஆகவே யான் ஜாபிதா எழுதிக் கொண்டுவரவில்லை. அதற்குப் பதிலாக மூன்று காரியம் கேட்டுக்கொள்கிறேன். பரிசுத் தொகையை நூலாக வழங்காது, பிள்ளைகளை ஒரு நாள் புத்தகக் கடைக்கு அழைத்துச் சென்று அவரவர் இஷ்டப்படி எடுத்துக்கொள்ள விடுக. பெரியவர் ஒருவர் உடன் நிற்கலாம், கை நீட்டலாகாது. மாதம் ஒரு ஞாயிறு அவர்களைப் பொது நூலகத்திற்கு அழைத்துச் செல்ல இரண்டு தாய்மார் முன்வர வேண்டும். ஒருவர் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார். மூன்றாவது, நம் சங்கக் கட்டடத்துக் கண்ணாடி பீரோ. அதில் நூற்றைம்பதுக்குக் குறையாத நூல்கள் இருக்கின்றன. அவற்றுட் பழைய அம்புலிமாமாக் கட்டுகளும் உண்டு. புத்தகம் பாழாகும் என்று அஞ்சி அதனைப் பூட்டினோம். பூட்டியபின் கரையான் இரண்டு கட்டுகளைத் தின்றது. பிள்ளைகள் ஒரு தாளையும் கிழிக்கவில்லை, கிழிக்க அவர்களுக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை.

அந்தப் பீரோவின் சாவி பல ஆண்டுகளாக என் வீட்டு ஆணியில் தொங்கிற்று. இன்று அதனைக் கொண்டுவந்திருக்கிறேன். காரியதரிசி அவர்கள் பெற்றுக்கொண்டு, மாலையில் விளையாட வரும் பிள்ளைகளுக்குத் தெரியும் இடமாகப் பார்த்து மாட்டிவைக்க வேண்டுகிறேன். சந்தையில் மீட்ட ஏழு பிரதிகளும் என்னிடமே இருக்கட்டும்.